முட்டிக்கு அடியில் துண்டு

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர். புற்றுநோய்க்காக முழங்காலுக்குக் கீழே எடுத்த கால். முட்டிக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டு.

டீக்கடை வரை வந்ததே பாதி வைத்தியம். அந்தத் துண்டுதான் வம்பு.

சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முட்டி மடங்கியே இறுகிப்போனால் செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாது. நீட்டியே வைக்கணும். டாக்டர் சரி சொன்னதும் தினம் இரண்டு தடவை, 20 நிமிஷம் குப்புறப் படுக்கணும்.

மிச்சமிருக்கும் காலில் கிரேப் பேண்டேஜை, அதாவது இழுபடும் கட்டுத்துணியை, வளையல் மாதிரி சுற்றினால் கால் நுனி வீங்கும். எட்டு போடுற மாதிரி குறுக்கே சுத்தணும். நுனியில் இறுக்கம், மேலே போகப்போகத் தளர்வு.

இல்லாத கட்டைவிரல் அரிக்கும். பயப்பட வேண்டாம், மூளை இன்னும் அதை மறக்கலை.

ராத்திரிதான் ஆபத்து. தூக்கக் கலக்கத்தில் இல்லாத காலை ஊன்றி விழுவாங்க. வாக்கர் கட்டிலை ஒட்டியே நிக்கட்டும்.