விரித்தால் மூடிக்கொள்ளும் சமையல் புத்தகம்

முதல் தடவை அடித்த 30 பிரதிகளும் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. பளபள அட்டை, முதுகில் தலைப்பு, கடையில் வாங்கின புத்தகம் மாதிரியே. பெரியம்மா ஒன்றை எடுத்து அடுப்பு மேடையில் விரித்து வைத்தார். டப்பென்று மூடிக்கொண்டது. மறுபடி விரித்து உப்பு ஜாடியைத் தூக்கி மேலே வைத்தார். அளவு எழுதியிருந்த வரி ஜாடிக்கு அடியில் போய்விட்டது.

"ஏண்டி, நான் புஸ்தகத்தைப் பிடிச்சுக்கட்டுமா, கரண்டியைப் பிடிச்சுக்கட்டுமா?"

அவருடைய சமையல் நோட்டைத் தட்டச்சு செய்யவே எனக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. பைண்டிங்கைப் பற்றி அரைமணி நேரம்கூட யோசிக்கவில்லை. அச்சகத்தில் "பர்ஃபெக்ட் பைண்டிங்" என்றார்கள், பெயரே நன்றாக இருக்கிறதே என்று தலையாட்டிவிட்டேன். தாள்களை அடுக்கி முதுகில் பசை போட்டு அட்டையை ஒட்டுவது அது. கையில் பிடித்துப் படிக்கிற நாவலுக்குச் சரி, மேடையில் விரிந்து கிடக்க வேண்டிய புத்தகத்துக்கு ஆகாது. போதாததற்கு 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று தாளின் எடையைச் சொல்லும் கணக்கு) பளபளத் தாள் வேறு கேட்டு வாங்கியிருந்தேன். தாள் விறைப்பாக இருந்தால் புத்தகம் இன்னும் முரண்டு பிடிக்கும். விளக்கு வெளிச்சம் பட்டுப் பாதி வரி தெரியவும் இல்லை.

இரண்டாம் தடவை வயர்-ஓ போட்டேன், இரட்டைக் கம்பி வளையம். தட்டையாக விரியும், பின்பக்கமாக மடித்தால் பாதி இடம் போதும். முதுகு இல்லாததால் அலமாரியில் வைத்தால் எந்தப் புத்தகம் என்று தெரியாது, அது ஒன்றுதான் குறை. துளைக்கு இடம் வேண்டுமென்பதால் உள் ஓரத்தில் 15 மில்லிமீட்டர் விட்டேன். பக்கம் குறைவென்றால் நடுவில் பின் அடித்தே முடித்துவிடலாம். அதற்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும்.

பக்கம் கட்டியதும் நானேதான், இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில். அந்தக் கதை தனி. முதலில் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, 'கொதி' என்ற சொல்லையே அடையாளம் தெரியவில்லை. பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போஸர்' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் தமிழ் தமிழாக வந்தது. அப்புறம் எழுத்துருவை உள்ளே பொதித்த பிடிஎஃப் ஆகத்தான் அச்சகத்துக்குக் கொடுத்தேன். மூலக் கோப்பைக் கொடுத்து, அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் போனால் மறுபடி முதலிலிருந்து.

இத்தனை பார்த்தும் ஒன்று தப்பிவிட்டது. நான் ஆசைப்பட்டுப் போட்ட எழுத்துருவில் ½ என்ற குறியே கிடையாது. அந்த இடத்திலெல்லாம் காலிக் கட்டம் விழுந்திருந்தது. "கட்டம் ஸ்பூன் உப்பு". முதல் தடவை அடித்த 30 பிரதிகளிலும்! பெரியம்மாவும் நானும் உட்கார்ந்து பேனாவால் நிரப்பினோம், பளபளத் தாளில் மை காயாமல் ஈஷிக்கொண்டது. இப்போது அரை, கால், முக்கால் எல்லாம் எழுத்தில்தான். ஒரே ஒரு மாதிரிப் பிரதி முதலில் அடித்துப் பார்த்திருந்தால் இந்தக் கூத்து இல்லை. திரையில் பத்து தடவை பார்த்த பக்கத்தில் தெரியாத பிழை தாளில் உடனே கண்ணில் குத்துகிறது.

எங்கே அடிப்பது என்று நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஐந்தாறு பிரதி போதுமென்றால் லேசர் பிரின்டரில் எடுத்து வளையம் போட்டுக்கொள்ளுங்கள். இங்க்ஜெட் வேண்டாம், பெரும்பாலும் ஈரக் கை பட்டால் மை கரையும். ஐம்பது, நூறு என்றால் டிஜிட்டல் அச்சு. தகடு செய்து அடிக்கிற ஆஃப்செட் அச்சில் அந்தத் தகடு தயாரிக்கிற செலவு ஒரு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான், அதனால் பல நூறு அடித்தால்தான் கட்டுபடியாகும். கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக அச்சிட்டு அனுப்பும் இணையச் சேவைகளும் உண்டு. அவற்றில் வளைய பைண்டிங் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொந்தக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கிற புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு குறிப்பு இரண்டு பக்கம் போனால் இடப்பக்கத்தில் தொடங்குங்கள், இரண்டும் எதிரெதிரே கிடக்கும். மாவுக் கையோடு பக்கம் புரட்ட வேண்டியிருக்காது. முதல் பதிப்பில் பெரியம்மா முழங்கையால் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் பதிப்பு ஏ5 அளவு, 120 ஜிஎஸ்எம் பளபளப்பில்லாத தாள், மேட் லேமினேஷன் (பளபளக்காத மெல்லிய பிளாஸ்டிக் படலம்) போட்ட அட்டை. மேடையில் பேசாமல் படுத்துக் கிடக்கிறது. பேனாவும் ஓடுகிறது, அவர் ஏற்கெனவே மூன்று அளவுகளை அடித்துத் திருத்திவிட்டார். நேற்று மட்டும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நின்னுண்டு பாத்தா எழுத்து தெரியலைடி."

எழுத்தளவை 11 பாயின்டிலிருந்து 14 ஆக்கினால் எத்தனை பக்கம் கூடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.