ஆன்ட்டி சொன்ன ‘பாத்து’

“நாற்காலியிலிருந்து எழும்போது மூச்சை நிறுத்திவிடுகிறீர்களே, தெரியுமா?” என்று இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கேட்டார். எனக்குத் தெரியாது. மறுபடி உட்காரச் சொன்னார், எழச் சொன்னார். உண்மைதான். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கனமான மூட்டையைத் தூக்குகிறவள்போல என்னை நானே தூக்கினேன்.

அப்போது என் இடுப்புவலிக்கு வயது எட்டு. மழலையர் பள்ளியில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வந்தது என்பது என் கணக்கு. நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே வட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்றது எம்ஆர்ஐ. வலியே இல்லாத பலருக்கும் இந்த வயதில் ஸ்கேன் இப்படித்தான் இருக்கும், அறுவை சிகிச்சை வேண்டாம் என்றார் மருத்துவர். நல்ல செய்திதான். ஆனால் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு, வலியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த ஏதாவது ஒன்றைத் தொடங்குங்கள் என்று இயன்மருத்துவர் சொன்னதும் நான் செய்த முதல் காரியம் முட்டாள்தனமானது. இணையத்தில் தேடி, 480 சிங்கப்பூர் வெள்ளி கட்டி, ஒரு வாரயிறுதிப் பட்டறைக்குப் போனேன். அங்கே ஒருவர் என் முதுகுக்கு ஓர் அடி தள்ளிக் கையை நீட்டி ‘சக்தி’ அனுப்பினார். அந்த அறையின் குளிர்சாதனம்தான் முதுகில் பட்டது. திங்கட்கிழமை காலை வலி வழக்கமான நேரத்துக்கு வேலைக்கு வந்துவிட்டது.

தேடிப் போனது எங்கள் அடுக்குமாடியின் கீழேயே இருந்தது. சிங்கப்பூரின் அங் மோ கியோவில் நாங்கள் குடியிருக்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலை ஆறரைக்குப் பத்துப் பன்னிரண்டு சீன முதியவர்கள் வரிசையாக நிற்பார்கள். பஸ் பிடிக்க ஓடும் அவசரத்தில் பதினோரு ஆண்டுகளாக அவர்களைக் கடந்து போயிருக்கிறேன். தாய்ச்சி என்று நினைத்திருந்தேன். அது சிகோங், மெதுவான அசைவும் மூச்சும் சேர்ந்த சீனப் பயிற்சி.

நடத்துகிற ஆன்ட்டிக்கு எழுபத்தெட்டு வயது. அவருக்கு ஹொக்கியனும் மாண்டரினும் தெரியும், ஆங்கிலம் அரைகுறை. எனக்குச் சீனம் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆகவே இருவரும் பழைய சந்தை மலாய்க்குப் போனோம். என் அம்மா மீன்காரரிடம் பேரம் பேசிய அதே மலாய்.

“தாரிக் நாஃபாஸ்” என்றார். மூச்சை இழு. நான் இழுத்தேன். பள்ளிக்கூட டிரில் வகுப்பில் செய்ததுபோல் நெஞ்சை நிமிர்த்தி, தோளை உயர்த்தி, இருக்கிற காற்றையெல்லாம் இழுத்தேன். ஆறாவது மூச்சில் தலை சுற்றியது. கல் இருக்கையில் உட்கார வைத்துச் சுடுதண்ணீர் கொடுத்தார்கள். ஆன்ட்டி சிரித்துக்கொண்டே வந்து என் தோளில் கையை வைத்தார். அழுத்தவில்லை, வெறுமனே வைத்தார். கை பட்ட பிறகுதான் தோள் இரண்டு விரற்கடை கீழே இறங்கியது. அதுவரை அது உயர்ந்து நின்றதே எனக்குத் தெரியாது.

“பாத்து” என்றார்.

மலாயில் பாத்து என்றால் கல். தோள் கல்லாக இருக்கிறது என்று சொன்னார். என் காதில் தமிழாகத்தான் விழுந்தது: பாத்து, மெல்ல. இரண்டும் சரிதான்.

கற்றுக்கொடுத்தது எளிமையானது, எளிமையாகச் செய்வதுதான் கடினம். கால்கள் தோள் அகலத்துக்கு. முட்டி இறுக்கமில்லாமல் சற்றே மடங்க வேண்டும். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட, கண் பாதி மூடியிருக்க வேண்டும். உள்ளங்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொப்புளுக்குச் சுமார் மூன்று விரற்கடை கீழே வைக்க வேண்டும். அந்த இடத்துக்குத் தான்தியென் என்று பெயர். மூக்கால் உள்ளே வரும் காற்று அந்தக் கையை வெளியே தள்ள வேண்டும். வெளிவிடும் மூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருக்க வேண்டும். நடுவில் அடக்கக் கூடாது.

இங்கேதான் நான் தடுமாறினேன். என் அப்பா பிராணாயாமம் செய்வார்: பதினாறு எண்ணி இழுத்து, அறுபத்து நான்கு நிறுத்தி, முப்பத்திரண்டில் விடுவார். அந்தக் கணக்கு என் ரத்தத்தில் இருக்கிறது. எண்ணத் தொடங்கியதுமே ஆன்ட்டி எப்படியோ கண்டுபிடித்துவிடுவார், உதடு அசையுமோ என்னவோ. “ஜாங்கான் பாக்சா” என்பார். வலிந்து செய்யாதே. “பெலான் பெலான்.” மெல்ல மெல்ல.

குழுவில் ஓய்வுபெற்ற சீனமொழி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். காப்பிக்கடை மேசையில், சிந்திய கோப்பியில் விரலைத் தொட்டு, சிகோங்கில் மூச்சைக் குறிக்கும் ‘சி’ என்ற எழுத்தைப் பழைய வடிவில் எழுதிக் காட்டினார். மேலே ஆவி, கீழே அரிசி. சோற்றுப் பானையைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். ‘கோங்’ என்றால் உழைத்துப் பெறும் திறன். மூச்சுப்பயிற்சி சீனாவில் மிகப் பழையது. சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையை 1973இல் தோண்டியபோது, உடற்பயிற்சி செய்யும் 44 உருவங்கள் வரைந்த பட்டுத்துணி கிடைத்தது. ஆனால் இவற்றையெல்லாம் சிகோங் என்ற ஒரே பெயரில் மருத்துவமாக அழைக்கும் வழக்கம் 1950களில்தான் பரவியது என்றார் ஆசிரியர். லியூ குய்ஜென் என்பவர் தன் வயிற்றுப்புண்ணுக்கு இதைப் பழகிக் குணமாகி, பிறகு பெய்தாய்ஹே கடற்கரையில் இதற்கென்றே நடந்த மருத்துவ இல்லத்தை நடத்தினார். கலாசாரப் புரட்சி வந்ததும் அவரையே ஒதுக்கிவிட்டார்கள்.

ஆறு ஒலிகள் கொண்ட பயிற்சி ஒன்றும் உண்டு. மூச்சை விடும்போது ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் ஒலி. எனக்குக் கிடைத்தது ‘சுவேய்’, சிறுநீரகத்துக்கானது. இடுப்பு சிறுநீரகத்தின் வீடு என்பது சீன மருத்துவத்தின் கொள்கை. என் சிறுநீரகத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்கிறது; அதனால் அந்த விளக்கத்தை நான் நம்பவில்லை. ஆனால் விளக்குத்திரியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து அந்த ஒலியை விட்டால் வெளிமூச்சு தானாக நீள்கிறது. அது போதும்.

முதல் இரண்டு வாரம் வலி கூடியது. நின்றதால் முட்டியும் சேர்ந்து வலித்தது. நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். ஆன்ட்டி பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வரிசையில் போட்டு, உட்கார்ந்து செய் என்றார். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, மூன்றாம் மாதம் அரைமணி நேரம் நின்றேன்.

இயன்மருத்துவர் தந்த நோட்டில் தினமும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று குறித்துவந்தேன். தொடங்கியபோது சராசரி ஆறரை. ஆறு மாதம் கழித்து ஐந்து. எண்ணைப் பார்த்தால் பெரிய வெற்றி இல்லை. ஆனால் அதே நோட்டில் இரவில் விழித்த தடவைகளையும் குறித்திருந்தேன். நான்கு ஒன்றாகியிருந்தது. வலி அவ்வளவாகக் குறையவில்லை. வலியைச் சுற்றி நான் எழுப்பிய சுவர்தான் இடிந்தது. மூச்சை இயக்கும் தசையான உதரவிதானத்தின் தசைநார்கள் இடுப்பு முள்ளெலும்புகளில் போய்த்தான் ஒட்டுகின்றன, மூச்சைப் பிடித்தால் இடுப்பும் சேர்ந்து இறுகும் என்று இயன்மருத்துவர் ஒரு பொம்மை எலும்புக்கூட்டில் காட்டினார்.

கனடாவில், உடல் முழுக்க வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 100 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. சிகோங் பழகியவர்களுக்கு வலி, தூக்கம் இரண்டிலும் முன்னேற்றம் தெரிந்தது. அவர்களிடம் கேட்டது எட்டு வாரம், தினமும் 45 நிமிடம். அந்த 45 நிமிடத்தைப் படித்தபோதுதான் வாரயிறுதிப் பட்டறைக்குக் கட்டிய 480 வெள்ளி மறுபடி உறுத்தியது.

மாத்திரையை நானாக நிறுத்தவில்லை. மருத்துவர் பாதியாகக் குறைத்தார், மீதி தொடர்கிறது. காலில் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ மூச்சு இழுத்துக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு வா என்றும் அவர் சொல்லியிருக்கிறார்.

போன மாதம் குளியலறையில் வாளியைத் தூக்கி மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்று நாள் எழ முடியவில்லை. படுத்தபடியே வயிற்றில் கையை வைத்து ‘சுவேய்’ என்று ஊதிக்கொண்டிருந்தேன். மின்விசிறியைப் பார்த்து ஏன் ஊதுகிறாய் என்று கணவர் கேட்டார். நான்காம் நாள் கீழே இறங்கிப் போனபோது வரிசையின் கடைசியில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. யாரும் உட்காரவில்லை.

“சாக்கிட்?” என்றார் ஆன்ட்டி. வலிக்கிறதா?

“சிக்கிட்” என்றேன். கொஞ்சம்.

நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.