23ஆவது லாரியின் எடை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு செம்பனை ஆலையில், எடைமேடை மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு என்னுடையது. குலைகளை இறக்கிவிட்டு லாரி வெளியேறும்போது, மேடையருகே உள்ள சிறு கணினி 64 பைட் கொண்ட ஒரு பதிவை உருவாக்கி, கம்பியில்லா இணைப்பு வழியாக அலுவலகச் சர்வருக்கு அனுப்பும். மழையிடியில் இணைப்பு அறுந்தால் பதிவுகளைத் தன்னிடமே சேர்த்து வைத்து, இணைப்பு திரும்பியதும் அனைத்தையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடும்.

ஒரு நாள் காலையில் எடைமேடைக் கிராணி (எழுத்தர்) இரண்டு காகிதச் சீட்டுகளுடன் வந்தார். “தம்பி, இந்த லாரிக்கு முன்னால போன லாரியோட எடையே கணக்குல விழுந்திருக்கு, பாருங்க” என்றார். சீட்டில் இருந்த எடை சரி. சர்வரில் இருந்ததுதான் தவறு. என் பெற்றோர் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்தில், எடை குறிக்கும் கிராணியின் பென்சிலையே பார்த்தபடி அவர்கள் நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஒரு சிறு தோட்டக்காரரின் எடை இன்னொருவரின் கணக்கில் ஏறுவதை என்னால் சிறு பிழையாக ஒதுக்க முடியவில்லை.

பழைய பதிவுகளைச் சீட்டுகளோடு ஒப்பிட்டபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. பிழை மழை நாட்களில் மட்டுமே வந்தது. அதுவும் பெரும்பாலும் தேங்கிய பதிவுகளில் 23ஆவதில் வந்தது. இணைப்பில் தரவு துண்டு துண்டாகச் சென்ற பொட்டலங்களைப் பதிவு செய்து பார்த்ததும் காரணம் விளங்கியது. ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொட்டலத்தின் அளவு அதிகபட்சம் 1500 பைட்; எங்கள் கம்பியில்லா இணைப்பிலும் அதுவே. தரவைக் கொண்டு சேர்க்கும் இணைய நெறிமுறைகளான ஐபி, டிசிபி ஆகியவற்றின் தலைப்புகளும் நேர முத்திரையும் போக, தரவுக்கு எஞ்சுவது 1448. அதில் 22 பதிவுகள் முழுமையாக அடங்கும். 23ஆவதன் முதல் 40 பைட் மட்டும் இடம்பெறும். மீதி 24 பைட் அடுத்த பொட்டலத்தில் வரும். எங்கள் பதிவில் முதல் 40 பைட் சீட்டு எண், லாரி எண், நேரம். கடைசி 24 பைட்தான் எடைகள்.

சர்வரில் நாங்கள் பயன்படுத்திய சி பிளஸ் பிளஸ் நிரல்மொழிக் கிளாஸ் லைப்ரரியில் (ஆயத்த நிரல் தொகுப்பில்), இணைப்பைக் கையாளும் சாக்கெட் கிளாஸின் வாசிக்கும் செயற்கூறு 64 பைட் கேட்டு ஒரே முறை ‘ரிசீவ்’ செய்தது. எத்தனை பைட் உண்மையில் வந்தன என்று அது திருப்பிச் சொன்ன எண்ணைப் பார்க்கவே இல்லை. அடுத்த பொட்டலம் வந்து சேரச் சற்றுத் தாமதித்தால், 40 பைட்டோடு அது திரும்பிவிடும். வந்த பைட்டுகளை வைக்கும் நினைவிடமான பஃபரின் கடைசி 24 பைட்டில் முந்தைய லாரியின் எடைகள் அப்படியே கிடக்கும். டிசிபி என்பது பைட்டுகளின் தொடர் ஓட்டம்; பதிவின் எல்லை எது என்று அதற்குத் தெரியாது. 1981இல் வெளிவந்த அதன் வரையறையிலேயே இது இருக்கிறது. நான் என் கணினியிலேயே இரு முனைகளையும் வைத்துச் சோதித்த நாட்களில் இது தென்படாததற்கும் காரணம் உண்டு: லினக்ஸில் கணினிக்குள்ளேயே செல்லும் பொட்டலத்தின் அளவு 65536 பைட் வரை போகலாம் என்பதால், பதிவு உடைய வாய்ப்பே இருக்கவில்லை.

64 பைட்டும் சேரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கும் ஒரு சுழற்சியை எழுதினேன். பிறகு, ஒவ்வொரு பைட்டாக இடைவெளி விட்டு அனுப்பும் ஒரு சிறு நிரலைக் கொண்டு சோதித்தபோது, என் திருத்தமே தவறியது. ஐந்து வினாடிக் காலக்கெடு முடிந்ததும் செயற்கூறு பிழை என்று திரும்பியது. அதுவரை சேர்ந்த பைட்டுகள் அதனுடனேயே அழிந்தன. அடுத்த அழைப்பு பதிவின் நடுவிலிருந்து வாசிக்கத் தொடங்கியது. முதல் பிழையைவிட இது மோசம் என்றே கருதுகிறேன், ஏனெனில் இது என் கையால் நேர்ந்தது. ஆகவே சேர்ந்த பைட்டுகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் சாக்கெட் கிளாஸே தன்னுள் வைத்திருக்குமாறு மாற்றி, காலக்கெடு முடிந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரச் செய்தேன். ‘ரிசீவ்’ சுழியம் தந்தால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். அப்போது அரைகுறையாக உள்ள பதிவு கணக்கில் ஏறாமல் கைவிடப்படும், மேடைக் கணினி அதை மீண்டும் அனுப்பும். இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் சிக்னலால் வாசிப்பு இடையில் நின்றால் பிழையாகக் கொள்ளாமல் மறுபடி முயலும். அனுப்பும் செயற்கூறிலும் இதே குறை இருந்தது, அதையும் திருத்தினேன்.

பத்து நாள் கழித்து ஒரு பிற்பகலில் இடி இடித்து இணைப்பு போனது. மாலையில் 31 பதிவுகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. கிராணி சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். 23ஆவதை மட்டும் அவரை இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன், எடை பொருந்தியது. பழைய தவறான பதிவுகளைச் சீட்டுகளின்படி திருத்தி, குறைவாகப் பணம் பெற்றவர்களின் பட்டியலை மறுநாள் காலையில் கணக்குப் பிரிவில் கொடுத்தேன்.