சுற்றிப் போகும் நரம்பு

தைராய்டு அறுவை செய்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம், கட்டியைத் தொடுவதற்கு முன் நரம்பைத் தேடு என்பதுதான். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் வெள்ளை நூல் மாதிரி கீழிருந்து ஏறி வரும். ரெக்கரன்ட் (திரும்பி வரும்) நரம்பு என்போம். குரல்நாண்களை அசைப்பது அதுதான். வெட்டுப்பட்டால் குரல் கரகரத்துப் போகும். இரண்டு பக்கமும் போனால் மூச்சுக்கே ஆபத்து.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாள், வலப்பக்கம் எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை. குறுக்கே சின்ன ரத்தக்குழாய் போல ஏதோ ஓடியது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று வெட்டப் போனேன்.

"தம்பி, கத்தரியைக் கீழே வை" என்றார் சீஃப்.

அதுதான் நரம்பு! மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் என்ற பெரிய நரம்பிலிருந்து பிரிந்து, நேராகக் குரல்வளைக்குப் போயிருந்தது. நூறு பேரில் ஒருவருக்குக்கூட இப்படி இருப்பதில்லை.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. வெட்டியிருப்பேனே என்ற பயம் ஒரு பக்கம். அப்புறம் ஒரு கேள்வி: நேர்வழி இருக்கும்போது மற்ற எல்லோருக்கும் ஏன் இந்தச் சுற்று?

சுற்று என்றால் சாதாரணச் சுற்று இல்லை. மூளையிலிருந்து வரும் இழைகள் குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கி, இடப்பக்கம் மகாதமனியின் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயின்) வளைவுக்கு அடியில் புகுந்து, மறுபடி கழுத்துக்கு ஏறுகின்றன. வலப்பக்கம் கைக்குப் போகும் தமனியைச் சுற்றுகின்றன. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே கதைதான். அங்கே இறங்கி ஏறும் பாதை நான்கு மீட்டரைத் தாண்டும். நாள்பட்ட குரல் கரகரப்போடு வருபவருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எழுதினால், "தொண்டைக்கு எதுக்கு டாக்டர் நெஞ்சுப் படம்?" என்று கேட்பார்கள். நுரையீரல் கட்டி அந்த வளைவில் நரம்பை நசுக்கினாலும் போவது குரல்தானே.

2-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க மருத்துவர் காலென் இந்த நரம்பை அறிந்திருந்தார். பன்றியில் இதை அறுத்து, அலறல் நின்றுபோவதைக் காட்டினார். இந்தச் சுற்றைக் கப்பியில் ஓடும் கயிற்றோடு ஒப்பிட்டு, படைத்தவனின் சாமர்த்தியம் என்று வியக்கவும் செய்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கரு வளர்வதை நாம் பார்ப்பதுபோல் பார்க்க அவருக்கு வழி இல்லை.

நம் பழைய மூதாதையரின் அமைப்பு இன்னும் தெரியும் மீனில் வேகஸின் கிளைகள் தமனி வளைவுகளை ஒட்டிச் செவுள்களுக்கு நேராகப் போகின்றன. மனிதக் கருவிலும் ஆரம்ப வாரங்களில் இதயம் கழுத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கழுத்து நீண்டு இதயம் கீழிறங்கும்போது, தமனிக்கு அடியில் மாட்டிய நரம்பும் இழுபட்டுப் போகிறது. என் நோயாளிக்கு வலக்கைத் தமனி வழக்கமான இடத்தில் உருவாகவில்லை. மாட்டிக்கொள்ள ஒன்றும் இல்லாததால் நரம்பு நேராகப் போய்விட்டது.

மயக்கமருந்து கொடுக்கும் நண்பர் ஆழ்ந்த பக்தர். "போகிற வழியில் உணவுக்குழாய்க்கும் கிளை கொடுக்கிறதே, நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம்" என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் நேர்வழி நரம்போடு பிறந்தவர்களும் நன்றாகவே பேசுகிறார்கள், பாடுகிறார்கள். சுற்று அவசியமென்றால் அது எப்படி? கடவுள் இல்லை என்று இதிலிருந்து நான் சொல்லவில்லை. வெற்றுத்தாளில் யோசித்து வரைந்த உடல் இதில்லை, அவ்வளவுதான். (சிறுநீர்க் குழாயைச் சுற்றி, வயதானால் வீங்கும் ஒரு சுரப்பியை வைத்ததைப் பற்றி ஆண்களிடம் பேசினால் இன்னும் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள்.)

சமீபத்தில் ஒருவரின் ஸ்கேனில், வலக்கைத் தமனி மகாதமனியின் கடைசிக் கிளையாகப் பிரிந்து உணவுக்குழாய்க்குப் பின்னால் போவது தெரிந்தது. கத்தி வைப்பதற்கு முன்பே, "பள்ளத்தில் தேடாதே, பக்கவாட்டில் வரும்" என்று பயிற்சி மருத்துவரிடம் சொன்னேன். சொன்ன இடத்தில் வந்தது. நண்பர் திரைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சரி, சீக்கிரம் முடி" என்றார்.