நாக்கை மடி

நவம்பர் 3, ஞாயிறு

விடுதிக்குத் திரும்பியாயிற்று. அம்மா கொடுத்துவிட்ட முறுக்கு டின்னை மேசைக்கு அடியில் துணிப்பையால் மூடி வைத்தேன், அறைத்தோழி பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். சீன வீட்டுப் பிள்ளை, ஆனால் முறுக்கு விஷயத்தில் நம்மையெல்லாம் தோற்கடித்துவிடுவாள்.

விவாதக் குழுத் தலைவர் அக்கா கோலாலம்பூர்ப் போட்டிக்கான தலைப்பை அனுப்பிவிட்டார். 'தமிழ்ப் பள்ளிகளைக் காப்பது பெற்றோரின் பொறுப்பே.' நாங்கள் ஆதரவு அணி, நான் முதல் பேச்சாளர். எனக்கு மட்டும் தனியாக ஒரு குரல்பதிவும் வந்தது: "ழகரத்தப் பாரும்மா, போன தடவ அதுலதான் புள்ளி போச்சு."

தீபாவளிக்கு வீட்டில் நடந்ததை எழுதப் போவதில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

தமிள். தமிள். தமிழ். பத்துக்கு ஆறு.

நவம்பர் 7, வியாழன்

லேப் முடிந்து நேரே பயிற்சிக்கு. கையில் இன்னும் அசிட்டோன் வாசம். நூலகத்துக்குப் பின்னால் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அந்த ஏழைக் கிழவனை வாழைப்பழத் தோலில் வழுக்கி விழ வைத்துக்கொண்டே இருந்தேன். பாவம் அந்த ஆள், எத்தனை தலைமுறையாக விழுகிறாரோ. அக்கா சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது: ளகரத்துக்கு நாக்கு மேலே தொட்டுவிட்டு வரும், ழகரத்துக்கு வளைந்து போய்த் தொடாமல் நிற்கணும். தொடாமல் நிற்பதுதான் வரவில்லை. இருபது வருஷமாகத் தொட்டுத் தொட்டுப் பழகிய நாக்கு. எங்கள் தோட்டத்தில் யாருக்கும் ழகரம் கிடையாது. கோயில் பூசாரிக்கே கிடையாது. பள்ளியில் வாத்தியார் சொல்லிக் கொடுக்கும்போது வரும், மணி அடித்ததும் அவருக்கும் போய்விடும்.

சரி, எழுதிவிடுகிறேன். தீபாவளி அன்று அப்பா சித்தப்பாவிடம் லாரி ஓட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "மளையில பாலத்துல பிரேக் புடிக்கிறது இருக்கே" என்று ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மனசுக்குள் ழ ழ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், யோசிக்காமல், "மழை பா" என்றேன். சித்தப்பா பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பா, "ஆமா, அதுதான்" என்று சொல்லிவிட்டு முறுக்கை உடைத்தார். பாலத்தில் பிரேக் பிடித்த கதையை முடிக்கவே இல்லை.

அவ்வளவுதான் நடந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். வழக்கமாக அம்மாதான் கூப்பிடுவார், அப்பா பின்னால் இருந்து கத்துவார். இன்று அவரே. சாப்பிட்டியா, பரீட்சை எப்போ, காசு இருக்கா. அப்புறம், "அங்க பேயுதா?" என்றார். என்ன பேயுதா என்று சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகக் கொல்லையில் பீசாங் தார் விட்டிருக்கிறது என்றார். நான் முதலில் கவனிக்கவில்லை, போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் யாரும் வாழைப்பழத்தைப் பீசாங் என்று சொன்னது கிடையாது. வாளப்பளம்தான், எப்போதும். மலாய்க்காரக் கடையில் வாங்கும்போது மட்டும் பீசாங்.

என்னிடம் பேச அப்பா மலாய்க்குப் போயிருக்கிறார்.

நான் இங்கே தமிழ்ப் பள்ளிகளைக் காப்பாற்றப் பேச்சு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

தொண்டை கட்டிவிட்டது. இஞ்சித் தண்ணீர், உப்புத் தண்ணீர், மறுபடியும் இஞ்சித் தண்ணீர்.

நவம்பர் 13, புதன்

பேச்சு முடிந்தது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்த நாட்டுத் தமிழ்க் கல்விக்கே அதுதான் தொடக்கம் என்று 2016-இல் இருநூறு ஆண்டு விழா கொண்டாடினார்கள், அப்போது நான் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு, கொடி பிடித்து வெயிலில் நின்றது நினைவிருக்கிறது. பினாங்கிலிருந்து போகிறவர்கள் கோலாலம்பூர்க்காரர்களிடம் அதைச் சொல்லிக் காட்டாமல் வருவோமா. முடிவில் அப்பா வருகிறார். ஆறாம் ஆண்டோடு தோட்டப் பள்ளியை விட்டவர், பிள்ளைகள் மூவரையும் தமிழ்ப் பள்ளிக்கே அனுப்பியவர். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை, 'வாழ்வு', 'உழைப்பு', 'வழி' மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன, அந்தக் கவலையே பெரிதாக இருந்தது.

மூன்றாம் பேச்சாளர் தம்பி, "அந்த வகுப்பு அப்புறம் என்னாச்சு அக்கா?" என்று கேட்டான். பார்க்கணும் என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

விடிவதற்கு முன் ஃபெர்ரி. பட்டர்வொர்த்தில் இ.டி.எஸ். ரயில். நிபோங் திபாலைத் தாண்டும்போது கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். செம்பனைத் தோப்பு வரிசை வரிசையாகப் பின்னால் ஓடியது, எங்கள் லயம், அந்தத் தோட்ட வீட்டு வரிசை, எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதற்குள் போய்விட்டது. அப்பா இந்நேரம் லாரியை எடுத்திருப்பார். பாகான் செராய்க்கு அப்புறம் ரயில் புக்கிட் மேரா ஏரிக்கு நடுவில் போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர், வண்டி மிதப்பது மாதிரி இருந்தது. தம்பிகள் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் உதட்டை அசைக்காமல் நாக்கை மட்டும் மடித்து மடித்துப் பழகிக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த யாரோ ஓர் அம்மா எனக்குப் பல்வலி என்று நினைத்து எண்ணெய் பாட்டிலை நீட்டினார்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி எல்.ஆர்.டி. நகர ரயில். பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, யுனிவர்சிட்டி. பேரைப் பார்த்து வாசலிலேயே இறங்கிவிட்டதாக நினைத்தோம், அங்கிருந்து இன்னும் பஸ் பிடிக்க வேண்டுமாம். நாலு மணிக்குக் கொட்ட ஆரம்பித்ததில் என் பேச்சுத்தாள் ஓரம் முழுக்க நனைந்துவிட்டது.

அப்பா கூப்பிடவில்லை. நானும்.

நவம்பர் 16, சனி

மலாயாப் பல்கலைக்கழகம் பெரியது. ஏறி இறங்கிக் கால் வலி. பினாங்கில் நம்ம பல்கலைக்கழகத்து மிண்டன் வளாகத்தில் மரம்தான் முதலில் கண்ணில் படும், இங்கே டேவான் துங்கு சான்சலர் மண்டபம், சாம்பல் நிறக் கான்கிரீட், ராட்சசத் தேன்கூடு மாதிரி. தனிநாயகம் அடிகள் இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக இருந்து முதல் உலகத் தமிழ் மாநாட்டை 1966-இல் நடத்தியது இந்த ஊரில்தான். காலையில் அந்தத் துறையைத் தேடிப் போய் அறிவிப்புப் பலகைக்கு முன் சும்மா நின்றுவிட்டு வந்தேன். அடிகள் மலைமேல் நின்று என் நாக்கைக் கவனிப்பார் என்று ஒரு பயம்.

முதல் சுற்றில் ஜெயித்தோம். பத்துக்குப் பத்து ழகரம்! அக்கா மேசைக்கு அடியில் விரலை மடித்து எண்ணினாராம். இரவு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், எல்லாருக்கும் ரொட்டி சானாய், எனக்குத் தே தாரிக் பால் டீ வேண்டாம் என்று சுடுதண்ணீர் மட்டும்.

நவம்பர் 17, ஞாயிறு

தோற்றோம்.

என்னால்தான். ஆனால் நான் மூன்று வாரம் பயந்த இடத்தில் இல்லை. 1816 என்று சொல்லி முடித்தேன், எதிரணியில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இடையில் கேள்வி கேட்க எழுந்து நின்றார். அனுமதி கொடுத்தேன், கொடுக்காமல் இருந்திருக்கலாம். "அந்த வகுப்பு நிலைக்கவில்லையே தோழி, அதற்கும் பெற்றோர்தான் காரணமா, நடத்தியவர்களா?" என்று ரொம்ப மரியாதையாக, கொஞ்சம் சிரித்துக்கொண்டு கேட்டார். நிலைக்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தம்பி கேட்டானே. பார்க்கணும் என்றேனே. அந்த நேரத்தில் நான் ஏழைக் கிழவனோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். "பொழுது... வழி..." என்று எதையோ ஆரம்பித்தேன். ஒவ்வொரு ழகரமும் சுத்தமாக விழுந்தது, அர்த்தம்தான் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் அப்பாவைப் பற்றிய பகுதியை ஓட்டமாக ஓட்டி முடித்தேன், மணி அடித்துவிட்டது.

நடுவர் குறிப்பில்: 'முதல் பேச்சாளர் உச்சரிப்பு மிகச் சிறப்பு.'

தம்பி எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறான். சித்தப்பா மகள் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

நவம்பர் 18, திங்கள்

நள்ளிரவுதான் அறைக்கு வந்தோம். விரிவுரைக்குப் போகவில்லை.

சாயங்காலம் அப்பா. வீடியோவைப் பார்த்தாராம், லாரி யார்டில் கூட்டாளிகளுக்கும் காட்டினாராம். "நல்லா பேசின பாப்பா. சுத்தமா பேசின." நான் தோற்றுவிட்டோம் பா என்றேன். அதனால என்னா என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, அவர் பக்கம் தொலைக்காட்சிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் பாலத்துக் கதையைக் கேட்டேன், பிரேக் பிடிச்சீங்களே, அப்புறம் என்னாச்சு? "அது ஒண்ணும் இல்ல மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க பேயுதா?"

ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

"பேயுது பா" என்றேன்.

நவம்பர் 20, புதன்

முறுக்கு டின் காலி. லேப் ரிப்போர்ட் நாளைக்கு, இன்னும் ஒரு வரி எழுதவில்லை.