வான்கோழிக்குப் புகை போட்ட வாரம்

நவம்பர் 17, 2024, ஞாயிறு

இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் விருந்து, அதாவது வான்கோழி சமைத்துக் கொண்டாடும் அமெரிக்க நன்றிப் பண்டிகையின் விருந்து, டெக்சாஸில் எங்கள் வீட்டில் என்று முடிவாகிவிட்டது. பத்துப் பதினோரு பேர் வருவார்கள். அதில் மூன்று பேர் சைவம், ஒருவர் முட்டை மட்டும் சாப்பிடும் சைவம். வான்கோழி வெந்த ஓவனில் வைத்த மக்ரோனியை இவர்கள் யாரும் தொட மாட்டார்கள். அதனால் ஓவன் சைவத்துக்கு, வான்கோழி கொல்லைப்புறத்துக்கு என்று மனைவி பாகப்பிரிவினை செய்துவிட்டாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

கொல்லையில் இருப்பது 22 அங்குல கெட்டில் கிரில். கரிபோட்டு எரிக்கும் உருண்டைச் சட்டியும் மூடியும்தான். வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீஃபன், 1952இல் நீரில் மிதக்கவிடும் இரும்பு மிதவையைப் பாதியாக வெட்டி இதன் முதல் வடிவத்தைச் செய்தார். புகை போடுவதற்கென்றே, அதாவது விறகுப் புகையில் கறியை மெதுவாக வேகவைப்பதற்கென்றே, செய்த பெட்டிகள் இப்போது விதவிதமாக வருகின்றன. செல்போனில் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாம், மரத்தூள் குச்சிகளைத் தானே தள்ளிக்கொள்ளும். ஆபீஸ் நண்பர் ஒருவர் அதை வாங்கச் சொல்லி ஒரு மாதமாக நச்சரிக்கிறார். மேலே ஒரு காற்றுத்துளை, கீழே ஒரு காற்றுத்துளை, சரியாக உட்காரும் மூடி. இவை போதும் என்பது என் கட்சி.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டார்கள். ஒரு முழுப் பறவையை வெட்டாமல், மசாலா இல்லாமல் சமைக்கப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா ஒன்றும் பேசவில்லை. பேசாததுதான் கவலையாக இருக்கிறது.

நவம்பர் 20, புதன்

விறகு விஷயம். கடையில் ஹிக்கரி, ஆப்பிள், மெஸ்கீட், பெக்கான் என்று பை பையாக வைத்திருந்தார்கள். அப்பா மெஸ்கீட் பையை எடுத்துப் பட்டையைத் தடவிப் பார்த்தார். "இது நம்ம வேலிக்கருவைல்ல?" என்றார்.

கிட்டத்தட்ட அதேதான். இராமநாதபுரம் சீமையில் கண்மாய்க் கரையெல்லாம் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலமும் டெக்சாஸ் மெஸ்கீட்டும் ஒரே குடும்பத்தில் மிக நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் பூர்வீகம் அமெரிக்கக் கண்டங்கள்தான். இங்கே மாடு வளர்ப்பவர்களும் மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது என்று அதைத் திட்டுகிறார்கள். "இதைக் காசு குடுத்து வாங்குறாங்களா?" என்று அப்பா கேட்டதற்கு, விலையைச் சொல்லாமல் நகர்ந்துவிட்டேன்.

மெஸ்கீட் வேகமாகச் சூடேறும், புகை காரமானது. மாட்டுக்கறித் துண்டைப் பத்து நிமிடம் வாட்டி எடுக்க அது சரி. வான்கோழியின் நெஞ்சுக்கறிக்குத் தனி ருசி என்று பெரிதாக எதுவும் கிடையாது. மூன்று மணி நேரம் மெஸ்கீட் புகையில் இருந்தால் கசப்புதான் மிஞ்சும். எனக்குப் பெக்கான் போதும். அதுவும் ஹிக்கரி இனத்து மரம்தான், ஆனால் புகை சாது, லேசான இனிப்பு. 1919 முதல் டெக்சாஸின் மாநில மரமும் அதுவே.

கடையில் எதுவும் வாங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் போன வருஷப் புயலில் முறிந்த பெக்கான் கிளையைத் துண்டுபோட்டுக் காயவைத்திருக்கிறார். கை நிறையக் கொடுத்தார். ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது, ஈரம் இல்லை. விறகை முதல்நாள் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊறிய கட்டை முதலில் ஆவியைத்தான் விடும், அது காய்ந்த பிறகுதான் புகையே தொடங்கும்.

நவம்பர் 23, சனி

வான்கோழி வந்துவிட்டது. 12 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், ஐந்தரைக் கிலோ. 20 பவுண்டுப் பறவைகளும் இருந்தன, விலையும் பவுண்டுக்கு அதேதான். ஆனால் மெதுவான சூட்டில் பெரிய பறவை வேக நேரம் பிடிக்கும். 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கிருமிகள் பெருகும் எல்லை, அதற்குள் கறி அதிக நேரம் கிடக்கக் கூடாது. ஆள் அதிகம் என்றால் ஒரு பெரியதைவிட இரண்டு சிறியது நல்லது. வயிற்றுக்குள் ரொட்டிக் கலவை அடைப்பதும் இதே காரணத்தால் புகைக்கு ஆகாது.

உறையில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துதான் வாங்கினேன். உறைந்த வான்கோழிகள் பலவற்றில் உப்புநீரை ஊசியால் ஏற்றிவிட்டிருப்பார்கள், சதவீதமும் போட்டிருக்கும். அதற்கு நாம் மறுபடி உப்புப் போட்டால் கருவாடுதான். இது எதுவும் ஏற்றாதது.

பனி இளக ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஆழமான தட்டில் வைத்தாயிற்று. நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் என்பது கணக்கு. செவ்வாய் வரை கதவைத் திறக்கும்போதெல்லாம் இதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

ராத்திரி அப்பா, "இந்தப் பண்டிகைக்குத் தேதி எப்படிக் குறிக்கிறாங்க, பஞ்சாங்கம் உண்டா?" என்று கேட்டார். அதிபர் லிங்கன் 1863இல் நவம்பரின் கடைசி வியாழன் என்று அறிவித்ததையும், 1939இல் அந்த மாதம் ஐந்து வியாழன் வந்ததையும், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு வாரம் முன்னுக்குத் தள்ளியதையும் சொன்னேன். பாதி மாநிலங்கள் ஒத்துக்கொண்டன, பாதி முரண்டுபிடித்தன, டெக்சாஸ் மட்டும் இன்னும் இரண்டு மாநிலங்களோடு சேர்ந்து இரண்டு வியாழனும் விடுமுறை விட்டது. 1941இல்தான் நான்காவது வியாழன் என்று சட்டம் வந்தது. இரண்டு நாள் லீவு விட்ட கதை அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

நவம்பர் 26, செவ்வாய்

எதிர்பார்த்த சண்டை இன்று வந்தது. உறையைப் பிரித்து, உள்ளே இருந்த கழுத்தையும் ஈரல் பொட்டலத்தையும் எடுத்துத் தனியாக வைத்தேன். அம்மா மஞ்சள்தூள் டப்பாவோடு வந்து நின்றாள்.

"கழுவ வேண்டாம்மா."

"என்னது?"

"கழுவினா தண்ணி தெறிச்சு சிங்க், தட்டு, காய்கறி எல்லாத்துலயும் கிருமி பரவும். உள்ளே 165 டிகிரி வந்தா எல்லாம் செத்துடும்."

"அது செத்தா சாகட்டும், கவுச்சி எங்க போகும்?"

இதற்கு அமெரிக்க விவசாயத் துறையிடம்கூடப் பதில் இல்லை. கழுவாதீர்கள் என்றுதான் அவர்கள் வருஷா வருஷம் சொல்கிறார்கள், கவுச்சியைப் பற்றிப் பேசுவதில்லை. காகிதத் துண்டால் உள்ளும் புறமும் ஈரம் போக ஒற்றி எடுத்தேன். கழுத்தையும் ஈரலையும் அம்மாவிடம் கொடுத்தேன், அவற்றை மஞ்சள் போட்டு ஆசைதீரக் கழுவி மிளகு வறுவல் செய்துகொண்டாள்.

உப்புதான் எல்லாம். வான்கோழி சக்கை, வைக்கோல் என்று நம் ஆட்கள் சொல்வதற்கு முக்கால்வாசிக் காரணம் உப்பு உள்ளே போகாததுதான், மீதி அதிகமாக வேகவைப்பது. உப்புநீரில் முக்கி வைக்கும் முறையும் உண்டு. அதற்கு வாளி வேண்டும், வாளி கொள்ளும் ஃபிரிட்ஜ் வேண்டும், முடிவில் தோல் நனைந்து தொங்கும். நான் வெறும் உப்புக் கட்சி. பவுண்டுக்கு அரைத் தேக்கரண்டி கோஷர் உப்பு என்ற பருமணி உப்பு, மொத்தம் இரண்டு மேசைக்கரண்டி, கூடவே கொஞ்சம் பேக்கிங் பவுடர், கரகரப்பாக இடித்த மிளகு. நெஞ்சுத் தோலுக்கு அடியில் விரலை நுழைத்துத் தோல் கிழியாமல் பிரித்து, கறியின் மேலேயே உப்பைத் தடவினேன். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த நீரிலேயே கரைந்து உள்ளே இறங்கும். பேக்கிங் பவுடர் தோல் சிவக்கவும் மொறுமொறுப்பாகவும் உதவும்.

கரம் மசாலா, இஞ்சி பூண்டு விழுது, தயிர் எல்லாம் போட்டுத் தந்தூரி வான்கோழி செய்பவர்கள் எங்கள் வட்டத்தில் உண்டு. நன்றாகவே இருக்கும். ஆனால் அதை ஓவனில் செய்யலாமே. ஏலக்காயும் கிராம்பும் பேசும் இடத்தில் பெக்கான் புகைக்கு வேலை இல்லை.

நவம்பர் 27, புதன்

பறவை மூடாமல் ஃபிரிட்ஜில் இருக்கிறது. தோல் காகிதம்போல உலர்ந்து இறுகிவிட்டது, இப்படித்தான் வர வேண்டும். தெர்மாமீட்டரைக் கொதிநீரில் வைத்துச் சரிபார்த்தேன். கரி இரண்டு பை. மனைவி கிரான்பெர்ரியில் வரமிளகாய் கிள்ளிப்போட்டு ஊறுகாய் மாதிரி ஒன்று செய்திருக்கிறாள். நாளைக்கு அதுதான் முதலில் காலியாகும்.

நவம்பர் 28, வியாழன்

காலை 8:30. வடக்கிலிருந்து குளிர்காற்று. கிரிலை வேலியோரம் நகர்த்தினேன். கரி பற்றவைக்கும் உலோகக் குழாயான சிம்னியில் காகிதம் வைத்துக் கரி பற்றவைத்தேன், மண்ணெண்ணெய் வாடைக்காரத் திரவம் எதுவும் கிடையாது. கரி வெளுத்ததும் ஒரு பக்கமாகக் கொட்டி, மறுபக்கம் தண்ணீர்த் தட்டு. தட்டுக்கு மேல்தான் பறவை உட்காரும், அடியில் நேர் நெருப்பு இருக்காது. பெக்கான் கட்டை இரண்டைக் கரிமேல் வைத்து மூடினேன்.

வெள்ளையாக, கெட்டியாகப் புகை கிளம்பியது. தட்டோடு நான் எழுந்தேன். அப்பா நாற்காலியிலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்ப வைக்காத தம்பி. புகை வெள்ளையா வருது, கட்டையில ஈரம் இருக்கு. மெலியட்டும்."

அப்பாவின் சித்தப்பா முதுகுளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போட்டவர். கருவேலங்கட்டைகளை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மண்ணால் மெழுகி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் காவல் இருப்பார்கள். உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது, துளையில் வரும் புகைதான் சேதி. வெள்ளை என்றால் நீர் போகிறது. நீலம் பாய்ந்து மெலிந்தால் கரி பழுத்துவிட்டது, துளையை அடைக்கலாம். லீவு நாட்களில் காவலுக்குப் போன சிறுவன் அப்பா. இங்கே மூட்டத்தில் கரி எடுக்கவில்லை, கறி வேகவைக்கிறோம், என்றாலும் டெக்சாஸ்காரர்கள் காத்திருப்பதும் அதே மெல்லிய நீலப் புகைக்குத்தான். காற்றுப் போதாமல் கட்டை புழுங்கினால் கெட்டியான வெள்ளைப் புகை வரும், அதிலிருக்கும் தார்ப்பிசின் கறிமேல் படிந்து நாக்கை மரக்க வைக்கும். மேல் துளை முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும், சூட்டைக் கீழ்த்துளையில்தான் பிடிக்க வேண்டும்.

9:15. புகை கிட்டத்தட்ட தெரியவில்லை, மணம் மட்டும் வருகிறது. பறவையை வைத்தேன், தொடைப்பக்கம் நெருப்பை நோக்கி. தொடைக்குச் சூடு அதிகம் வேண்டும், நெஞ்சுக்குக் குறைவு. ரெக்கை நுனிகளுக்கு அலுமினியத் தாள். மூடிக்குள் 300 டிகிரி, எல்லாம் ஃபாரன்ஹீட் கணக்கு. 225இல் நாள் பூராவும் போடுபவர்கள் உண்டு, அது மாட்டு நெஞ்சுக்கறிக்குப் பொருந்தும். வான்கோழித் தோல் அந்தச் சூட்டில் ரப்பராகிவிடும்.

10:30. கரி சேர்த்தேன். கட்டை சேர்க்கவில்லை. கறி குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும் முதல் மணி நேரத்தில்தான் புகை நன்றாக ஒட்டும், அதற்கு மேல் போடுவது கொல்லைக்குத்தான் மணக்கும். பிள்ளைகள் மூடியைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள். அப்பா காவலுக்கு இருப்பதால் ஒன்றும் நடக்கவில்லை.

11:20. நெஞ்சில் 124. தோல் தேன் நிறம். காற்று திசை மாறிச் சூடு 270க்கு இறங்கியது, கீழ்த்துளையை ஒரு விரற்கடை திறந்ததும் ஏறிவிட்டது.

12:30. நெஞ்சு 162, தொடை 177. இறக்கிவிட்டேன், பலகையில் இருக்கும்போதே நெஞ்சு 165ஐத் தாண்டியது. தாளால் இறுக்கி மூடவில்லை, மூடினால் இத்தனை பாடுபட்டு உலர்த்திய தோல் வேர்த்துவிடும். முக்கால் மணி நேரம் சும்மா இருக்கட்டும்.

ராத்திரி எழுதுவது: அறுத்தபோது தோலுக்கு அடியில் அரை விரல் அளவுக்கு ரோஜா நிறம். அம்மா உடனே, "வேகலையே, ரத்தமா இருக்கு" என்றாள். வந்தவர்களில் இரண்டு பேர் தட்டை லேசாகப் பின்னுக்கு இழுத்தார்கள். கரியும் கட்டையும் எரியும்போது வரும் வாயுக்கள் கறியில் உள்ள நிறப்பொருளோடு சேர்ந்து அந்தச் சிவப்பை நிறுத்திவைக்கின்றன, வெந்தாலும் போகாது. புகைக்கறிக் கடைகளில் இந்த வளையத்தைப் பார்த்துதான் பாராட்டுவார்கள். வாயால் சொல்லி எடுபடவில்லை. தெர்மாமீட்டரை மேஜைக்கே கொண்டுவந்து தொடையில் குத்திக் காட்டினேன். அம்மா ஒரு துண்டு வாயில் போட்டு மென்று, "உப்பு சரியா இருக்கு" என்றாள். அம்மாவிடமிருந்து இதற்கு மேல் யாரும் வாங்கியதில்லை.

நெஞ்சுக்கறி காயவில்லை, கத்தி பட்ட இடத்தில் சாறு நின்றது. தொடை அதைவிட நன்றாக இருந்தது, எப்போதும் அப்படித்தான். தோல் முதுகுப்பக்கம் மட்டும் மெத்தென்று போய்விட்டது, முழுப் பறவையில் அது தவிர்க்க முடியாதது. முதுகெலும்பை வெட்டி விரித்துப்போட்டால் சீக்கிரம் வேகும், தோலும் எல்லாப் பக்கமும் மொறுமொறுக்கும். ஆனால் முழுசாக மேஜைக்கு வரும் அழகு போய்விடும் என்கிறாள் மனைவி. அழகுக்குக் கொஞ்சம் தோலைக் கொடுக்கலாம்.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் டிவியில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்த்தோம். கவ்பாய்ஸ் அணி ஜயன்ட்ஸை 27-20 என்று ஜெயித்தது. ஏன் இத்தனை தடவை நிறுத்துகிறார்கள் என்று அப்பா கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார்.

நவம்பர் 29, வெள்ளி

மீந்த கறியை நேற்றே எலும்பிலிருந்து பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. மூன்று நாலு நாள் தாங்கும். எலும்புக்கூட்டை அம்மா காலையிலேயே கைப்பற்றிவிட்டாள். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, குக்கரில் ரசம். புகைமணம் முழுக்க அதில் இறங்கியிருந்தது. நேற்று இரண்டு துண்டோடு நிறுத்திய அம்மா இன்று இரண்டு டம்ளர் குடித்தாள். வெளியே யாரும் கேட்டால் இது தன் சமையல் என்று சொல்வாள், சொல்லட்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு கிண்ணம் ரசமும் தொடைக்கறியும் கொடுத்தனுப்பினோம். கண்ணில் தண்ணீர் வர வர முழுசாகக் குடித்துவிட்டு, இன்னும் பெக்கான் கட்டை வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்.

நெஞ்சுக்கறி இரண்டு டப்பா இருக்கிறது. பிரியாணி வேண்டாம், மறுபடி வேகவைத்தால் நாராகிவிடும். உறைந்த பரோட்டா பாக்கெட் இருக்கிறது, சால்னா மட்டும் வைக்க வேண்டும். நாளை ராத்திரி கொத்து பரோட்டா, கறியைக் கடைசி ஒரு நிமிடம் மட்டும் கல்லில் போட்டுப் புரட்டினால் போதும்.