டிக்கெட்டிங் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? புக்கிங் வேறு, டிக்கெட் வேறு

திருச்சியில் பி.காம். முடித்த கையோடு விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் ஃபவுண்டேஷன் படிப்பில் சேர்ந்தேன். கூடவே டிக்கெட் புக் செய்யும் மென்பொருளான அமேடியஸில் பயிற்சியும் எடுத்தேன். இப்போது ஒரு டிராவல் ஏஜென்சி கவுண்ட்டரில் வேலை. அதே படிப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எதையெல்லாம் மனப்பாடம் செய்யணும்?" என்பதுதான். நகரக் குறியீடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் இருபது என்று எழுதிப் பார்த்தால் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். நான் நேரத்தைச் செலவிடச் சொல்வது வேறு இடத்தில்.

புக்கிங் என்பது இடத்தைப் பிடித்து வைப்பது. டிக்கெட் என்பது பணம் கட்டி முடித்த ஒப்பந்தம். பிஎன்ஆரில், அதாவது பயணியின் புக்கிங் பதிவில், எச்கே என்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று படிக்கும்போது நானும் நினைத்தேன். எச்கே என்றால் இடம் உறுதி, அவ்வளவுதான். கட்டணம் உறுதியாவது டிக்கெட் இஷ்யூ செய்யும்போதுதான். காலையில் விலை போட்டுப் பார்த்த கட்டணம் மாலையில் அப்படியே இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பிஎன்ஆரை முடிக்க ஐந்து விஷயங்கள் கட்டாயம் என்று வகுப்பில் சொல்லித் தருவார்கள்: பயணியின் பெயர், பயணத் தடம், தொடர்பு எண், டிக்கெட்டிங் ஏற்பாடு, யார் சொல்லி புக் செய்தோம் என்ற குறிப்பு. இதில் நான்காவதில்தான் நான் அடி வாங்கினேன். டிக்கெட் எடுக்க வேண்டிய நாளாக டிகேடிஎல் என்று தேதி போடுகிறோமே, அது ஏர்லைன் நமக்குக் கொடுக்கும் கெடு அல்ல. அந்தத் தேதி வந்ததும் பிஎன்ஆர் நம் அலுவலகத்தின் கியூவில், அதாவது கவனிக்க வேண்டிய வேலைப் பட்டியலில், வந்து நிற்கும். நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் நினைவூட்டல் அது. ஏர்லைனின் உண்மையான கெடு பிஎன்ஆருக்குள் எஸ்எஸ்ஆர் என்று தொடங்கும் வரியில் செய்தியாக வரும். அது போதாதென்று ஃபேர் ரூல் எனும் கட்டண விதிகளுக்குள்ளும், புக் செய்ததிலிருந்து இத்தனை மணி நேரத்துக்குள் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று தனியாக ஒரு கெடு இருக்கும். ஏர்லைனின் இந்த இரண்டில் எது முந்தியதோ அதுவே நம் கெடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு புக் செய்துவிட்டு, மூன்று நாள் கழித்து வரும்படி டிகேடிஎல் போட்டேன். ஏர்லைன் ஒரே நாள்தான் கெடு கொடுத்திருந்தது. அந்த எஸ்எஸ்ஆர் வரியை நான் படிக்கவில்லை. மறுநாள் இரவே இடங்கள் ரத்தாகிவிட்டன, அந்த விலை வகுப்பும் தீர்ந்துபோனது. கட்டண வித்தியாசத்தை அலுவலகம்தான் கட்டியது. அன்றிலிருந்து பிஎன்ஆரை முடித்த பிறகு ஒருமுறை திறந்து கடைசி வரி வரை படிக்காமல் மூடுவதில்லை.

ஃபேர் ரூலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் அதிலுள்ள பிரிவுகளின் எண்கள் எல்லா ஏர்லைனுக்கும் ஒன்றுதான். 5 முன்கூட்டி வாங்குவதும் டிக்கெட் கெடுவும், 6 குறைந்தபட்சத் தங்கல், 7 அதிகபட்சத் தங்கல், 8 ஸ்டாப்ஓவர் எனும் வழியில் தங்கல், 16 அபராதம், 19 குழந்தைகளுக்கான கட்டணம். விதிகளைக் காட்டும் எஃப்கியூஎன் கட்டளையை அடித்து இந்த ஆறையும் பார்த்துவிட்டால் பயணி கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் கிடைக்கும். பயிற்சித் திரையில் தினம் ஒரு கட்டணத்தை எடுத்து, 16ஐ உங்கள் சொந்தத் தமிழில் எழுதிப் பாருங்கள். ரத்து செய்தால் எவ்வளவு, தேதி மாற்றினால் எவ்வளவு, பயணி வராமல் நோ ஷோ ஆனால் எவ்வளவு என்று மூன்று வரியில் சொல்ல வரவேண்டும். கவுண்ட்டரில் பயணி கேட்பதும் அந்த மூன்றைத்தான்.

தேர்வில் வழுக்கும் இடங்கள் சில உண்டு. எகிப்தும் சூடானும் ஐயாட்டா கணக்கில் மத்திய கிழக்கு. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா மூன்றும் ஐரோப்பா. பள்ளிக்கூட பூகோளத்தை வைத்துக்கொண்டு எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஸ்டாப்ஓவர் கேள்வியும் அப்படித்தான். சர்வதேசப் பயணத்தில் 24 மணி நேரத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஸ்டாப்ஓவர். இன்று காலை 10க்கு துபாயில் இறங்கி நாளை காலை 9க்குக் கிளம்பினால், இரவு தங்கினாலும் அது விமானம் மாறும் டிரான்சிட்தான். பறக்கும் நேரக் கணக்கில் மாதத்தைக் கவனியுங்கள். சென்னையில் காலை 5.30க்குப் புறப்பட்டு லண்டனில் 11.00க்கு இறங்கினால் ஜனவரியில் 11 மணி நேரம், ஜூனில் 10 மணி நேரம். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள்.

வாய்டு, ரீஃபண்டு இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இஷ்யூ செய்த அன்றைக்குள் வாய்டு செய்தால் டிக்கெட்டே இல்லாததாகிவிடும். நாள் தாண்டிவிட்டால் ரீஃபண்டு, அதாவது அபராதம் போகத்தான் பணம். ஒரே பயணிக்கு இரட்டை புக்கிங் போடுவது, ரத்தான செக்டார்களை, அதாவது பயணக் கட்டங்களை, பிஎன்ஆரிலிருந்து துடைக்காமல் விடுவது போன்றவற்றுக்கு ஏர்லைன் பணம் கட்டச் சொல்லி நம் பெயரில் டெபிட் மெமோ அனுப்பும். அதுவும் பயணம் முடிந்து பல வாரம் கழித்து வரும்போது பயணியிடம் போய்க் கேட்க முடியாது.

குழந்தை விஷயத்தில் வயதைக் கேட்காதீர்கள், பிறந்த தேதியைக் கேளுங்கள். போகும்போது ஒரு வயது பதினொரு மாதம், திரும்பும்போது இரண்டு முடிந்திருந்தால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கையும் குழந்தைக் கட்டணமும் வேண்டும். "கைக்குழந்தைதாம்மா" என்று பாட்டி சொன்னதை நம்பி ஒருமுறை இன்ஃபன்ட் டிக்கெட் போட இருந்தேன். பாஸ்போர்ட்டைப் பார்த்ததால் தப்பித்தேன்.

கடைசியாகப் பெயர். நம் ஊருக்கென்றே உள்ள சிக்கல் இது. பாடப் புத்தகம் குடும்பப் பெயர், சாய்கோடு, சொந்தப் பெயர் என்று சுலபமாகச் சொல்லிவிடும். நம் ஆட்கள் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். இனிஷியலை விரித்து நாமாக எதையும் போடக் கூடாது. ஒற்றைப் பெயரை எப்படிப் பதிவது என்பதற்கு ஒவ்வொரு ஏர்லைனும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. சிலர் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்வார்கள். போகும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. அப்பா பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்ற விளக்கம் அப்புறம்தான் வந்தது. திருச்சியிலிருந்து துபாய், ஷார்ஜா போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அதனால் வளைகுடா டிக்கெட் என்றால் நான் பாஸ்போர்ட்டின் இரண்டு பக்கத்தையும் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பெயர் வரியையே அடிக்க ஆரம்பிப்பேன்.